உணவும் உண்மையும்

சென்னையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் மின்சார இரயில் வண்டி, குரோம்பேட்டையைக் கடந்ததும் ஒரு நிலையத்தில் நிற்கும். தாம்பரம் சானட்டோரியம் என்பது அதன் பெயர். நாள்தோறும் அங்கு ஏறி இறங்குவோர் மிகப் பலர். ஆயின், அப்பெயர் வந்த வரலாற்றை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. 1928-ஆம் ஆண்டில் டாக்டர் சௌரிமுத்து என்னும் மருத்துவர் காசநோயாளர்க்கென அவ்விடத்தில் ஒரு நலவாழ்வு இல்லத்தை நிறுவினார். அந்நாளில் காசநோயை வேரறுக்கும் மருந்து உலகில் எங்கும் இல்லை. தூய காற்று, முழு ஓய்வு, ஊட்டம் மிக்க உணவு ஆகிய மூன்றுமே மருந்தாகக் கொள்ளப்பெற்றன.

பின்னர், 1940-களில் காசநோய்க்கு உரிய மருந்துகள் தோன்றின. அப்பொழுது ஒரு வினா எழுந்தது. மருந்து கிடைத்த பின்னரும் நோயாளர்க்குச் சானட்டோரிய வாழ்வும் சிறப்புணவும் கட்டாயம் வேண்டுமோ என்பதே அவ்வினா. சென்னைச் சேத்துப்பட்டில் 1956-இல் நிறுவப்பெற்ற காசநோய் மருந்தாய்வு நிலையத்தார் அதற்கு விடை காண முற்பட்டனர். ஏறத்தாழ 200 நோயாளரை இரு பிரிவினராக்கினர். யார் எப்பிரிவில் சேர்வது என்பதை மருத்துவரும் முடிவு செய்யவில்லை. நோயாளரும் முடிவு செய்யவில்லை. குலுக்கல் முறையே முடிவு செய்தது. ஒரு பிரிவினர் சானட்டோரியத்தில் நல்லுணவு உண்டு ஓய்வாக இருந்தனர். மற்றொரு பிரிவினர் நெரிசல் மிக்க தம் வீடுகளிலேயே, கிடைத்த எளிய உணவை உண்டு வாழ்ந்தனர். மருந்து இரு சாராருக்கும் ஒன்றே. ஓராண்டு முடிவில் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்திருந்தனர். 1959-இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கையே மாற்றியது.

இதனால் உணவு பயனற்றது என்று கொள்ளுதல் தவறு. சார்க்கண்டு மாநிலத்தில் நடைபெற்று 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், காசநோயாளரின் குடும்பத்தினர்க்குச் சத்துணவு அளித்தபோது, அவர்களிடையே அந்நோய் புதிதாகத் தோன்றுவது பெரிதும் குறைந்தது. ஆகவே, உணவு ஒன்றைச் செய்யும், மற்றொன்றைச் செய்யாது. எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை ஆசையால் அறிய இயலாது. ஆய்வால் மட்டுமே அறிய இயலும். இவ்வுண்மை எல்லா நோய்களுக்கும் பொருந்தும். நோய் என்று கூற இயலாத சில நிலைமைகளுக்கும் பொருந்தும். அத்தகைய நிலைமைகளுள் ஒன்று ஆட்டிசம்.

ஆட்டிசத்தை மதியிறுக்கம் என்றும், புறவுலகச் சிந்தனைக் குறைபாடு என்றும் தமிழில் வழங்குவர். 1943-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் இலியோ கானர் என்னும் மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே இதனை மருத்துவ உலகிற்கு நன்கு அறிமுகப்படுத்தியது. இந்நிலையுடைய குழந்தை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமல் இருக்கலாம். வேண்டிய பொருளை விரலால் சுட்டிக் காட்டாமல் இருக்கலாம். பேச்சு காலந்தாழ்ந்து வரலாம்; சிலர்க்கு வாராமலும் போகலாம். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதில் அதற்கு அமைதி பிறக்கும். பிறர் பொருட்படுத்தாத ஓசை, ஒளி, தொடுஉணர்ச்சி ஆகியவை அதனை மிகவும் வருத்தும். இந்நிலை ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்குத் தொற்றுவதன்று. மூளை வளரும் முறையிலேயே அமைந்த வேறுபாடு இது. மரபுக் கூறுகளுக்கு இதில் பெரும்பங்கு உண்டு.

இவ்வுண்மை தெளிவாகுமுன், ஒரு கொடிய கருத்து உலகில் நிலவியது. தாய் அன்பு காட்டாமையால்தான் குழந்தை இவ்வாறு ஆயிற்று என்று அறிஞர் சிலரே கூறினர். மகனை ஆட்டிசத்தோடு வளர்த்துவந்த பெர்னார்டு ரிம்லண்டு என்னும் உளவியலறிஞர், 1964-இல் ஒரு நூல் எழுதி அக்கருத்தை மறுத்தார். 1977-இல் இரட்டைக் குழந்தைகளை வைத்து இங்கிலாந்தில் செய்யப்பெற்ற ஆய்வு மரபின் பங்கை எடுத்துக்காட்டியது. தாயர் மேல் சுமத்தப்பெற்ற பழி மருத்துவ நூல்களிலிருந்து நீங்கியது. எனினும், தெருவிலிருந்தும் உறவினர் நாவிலிருந்தும் அஃது இன்னும் முற்றிலும் நீங்கவில்லை. "நீ கொடுத்த உணவுதான் காரணம்" என்று இன்று அப்பழி வேறு வடிவில் வருகின்றது.

இதனை விளங்கிக்கொள்ளச் சேலையூரில் வாழும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பார்க்கலாம். தந்தை தாம்பரத்து இரயில் பணிமனையில் வேலை பார்ப்பவர். தாய் இல்லத்தைக் காப்பவர். பாட்டியும் உடன் இருக்கின்றார். நான்கு வயதுள்ள அவ்வீட்டுச் சிறுவனுக்கு ஆட்டிசம் உண்டென மருத்துவர் கண்டறிந்துள்ளார். அவன் உண்ணும் பொருள்கள் ஆறே: இட்டலி, தயிர்ச்சோறு, பால், வாழைப்பழம், அப்பளம், ஒருவகை பிசுக்கோத்து. சாம்பார் கலந்த சோற்றைக் கண்டால் தட்டையே தள்ளிவிடுவான். பிசுக்கோத்து உடைந்திருந்தால் அதனைத் தொடமாட்டான். இது பிடிவாதமன்று. உணவின் நிறம், மணம், மென்மை, கடினம் ஆகியவை அத்தகைய குழந்தைகளைப் பிறரினும் மிகுதியாகத் தாக்குகின்றன. கானர் கண்ட 11 குழந்தைகளுள்ளும் பலர்க்கு உணவூட்டுவது பெரும்பாடாய் இருந்தது.

ஒருநாள் உறவினர் ஒருவர் அவ்வீட்டிற்கு வந்தார். கோதுமையையும் பாலையும் அடியோடு நிறுத்தினால் பிள்ளை பேசத் தொடங்குவான் என்று உறுதியாகக் கூறிச் சென்றார். தாயின் உள்ளத்தில் நம்பிக்கையும் அச்சமும் ஒருங்கே எழுந்தன. பாட்டி, "அம்மா, குழந்தை தயிரைக் கண்டால் ஓடி வருகிறான். அதை அவனிடமிருந்து ஒளித்து வைக்க எனக்கு மனம் வரவில்லையே" என்றார். "எனக்கு மட்டும் மனம் வருகிறதா, அத்தை? நிறுத்தாமல் இருந்து, அதனாலேயே அவன் பேசாமற் போய்விட்டால் என்ன செய்வேன்?" என்றாள் தாய். இவ்வொரு வினாவே எத்தனையோ தாயரை உறங்கவிடாமல் செய்கின்றது.

உறவினர் கூறியது அவருடைய கற்பனையன்று. அதற்கு ஒரு வரலாறு உண்டு. கோதுமையில் குளூட்டன் என்னும் புரதமும், பாலில் கேசீன் என்னும் புரதமும் உள்ளன. இவை முற்றும் செரியாமல் சிறு துண்டுகளாகிக் குடற்சுவரைக் கடந்து, குருதி வழியாக மூளையை அடைந்து, அபினைப் போல அதனை மயக்குகின்றன என்று சிலர் கருதினர். ஆட்டிசத்திற்கும் அபினை ஒத்த பொருள்களுக்கும் தொடர்பு இருக்கலாமென்று 1979-இல் யாக் பங்செப்பு என்னும் அறிஞர் எழுதினார். நார்வே நாட்டு ரைக்கெல்ட்டு என்பவர் அதனை உணவோடு இணைத்து ஆராய்ந்தார். இக்கருத்தின் வழியே பால், கோதுமை இரண்டையும் விலக்கும் உணவுமுறை பல நாடுகளில் பரவியது.

தமிழர் இல்லத்தில் கோதுமையை விலக்குதல் பெருந்துன்பமன்று. இட்டலி, இடியாப்பம், புட்டு, பொங்கல் ஆகியவற்றில் குளூட்டன் இல்லை. சப்பாத்தி, இரவை உப்புமா, பரோட்டா, பிசுக்கோத்து ஆகியவற்றில் உண்டு. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மாவு கலந்திருப்பதுண்டு. பாலை விலக்குதலே கடினம். தயிர், மோர், நெய் யாவும் நீங்கும். ஆறு பொருள்களே உண்ணும் குழந்தைக்குப் பால், தயிர்ச்சோறு, பிசுக்கோத்து ஆகிய மூன்றையும் நீக்கினால் எஞ்சுவன இட்டலியும் அப்பளமும் பழமுமே.

உணவை மாற்றி மூளையைக் காத்தல் இயலாத செயலோ எனின், அன்று. அதற்கு ஓர் அரிய சான்று உண்டு. நார்வே நாட்டில் ஒரு தாய்க்கு இரு குழந்தைகள் பிறந்தனர். பிறக்கும்போது நலமாயிருந்த அவர்கள், நாளடைவில் அறிவு வளர்ச்சி குன்றினர். அவர்கள் உடலில் ஒருவகை நாற்றமும் வீசியது. மருத்துவர் பலரையும் நாடி அலைந்த அத்தாய், இறுதியில் ஃபோலிங் என்னும் அறிஞரிடம் வந்தார். 1934-இல் அவர் அக்குழந்தைகளின் சிறுநீரில் பெரிக் குளோரைடைச் சேர்த்துப் பார்த்தார். அது பச்சை நிறமாயிற்று. உணவிலுள்ள பினைல் அலனைன் என்னும் பொருளை அவர்கள் உடல் மாற்ற இயலாமையால், அது தேங்கி மூளையைக் கெடுத்ததெனத் தெரிந்தது. பினைல்கீட்டோனூரியா என்பது அந்நோயின் பெயர்.

நோய் தெரிந்தது, மருந்து தெரியவில்லை. 1950-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பிக்கல் என்னும் மருத்துவரும் அவருடைய துணைவரும் அப்பொருள் மிகக் குறைந்த உணவை அமைத்து, நிற்கவும் நடக்கவும் இயலாத ஒரு பெண் குழந்தைக்கு அளித்தனர். சில மாதங்களில் குழந்தை தவழ்ந்தது; எழுந்து நின்றது; தலையை மோதிக்கொள்வதை விட்டது. ஆயினும், மருத்துவர் அத்துடன் அமைதியடையவில்லை. மாற்றம் உணவால் நிகழ்ந்ததா, தாயின் நம்பிக்கை அவ்வாறு காட்டுகின்றதா என்று ஐயுற்றனர். ஆதலின், தாய்க்குத் தெரியாமல் அவ்வுணவில் பினைல் அலனைனை மீண்டும் கலந்தனர். குழந்தை விரைவிலேயே பின்னடைந்தது. ஐயம் அகன்றது. 1953-இல் அவர்கள் இதனை வெளியிட்டனர். இன்று பல நாடுகளில் பிறந்த குழந்தையின் குதிகாலிலிருந்து ஒரு துளிக் குருதி எடுத்து இந்நோயை முன்னரே அறிந்து, உணவாலேயே குழந்தையைக் காக்கின்றனர்.

இதே உரைகல்லில் ஆட்டிச உணவுமுறையையும் அறிஞர் உரைத்துப் பார்த்தனர். 2006-இல் அமெரிக்காவின் புளோரிடாவில் 15 குழந்தைகளுக்கு 12 வாரங்கள் உணவு சமைத்து அளிக்கப்பெற்றது. பாதிக்காலம் பாலும் கோதுமையும் அற்ற உணவு; பாதிக்காலம் இயல்பான உணவு. எது எப்பொழுது என்பது பெற்றோர்க்கும் தெரியாது. குழந்தையை அளவிட்டவர்க்கும் தெரியாது. அளவுகளில் வேறுபாடு காணப்படவில்லை. ஆயின், பெற்றோர் சிலர் தம் குழந்தை தேறியதென உறுதியாக நம்பினர். 2016-இல் வெளியான மற்றோர் ஆய்வில், இவ்வுணவுமுறையைப் பின்பற்றிவந்த 14 இளங்குழந்தைகளுக்குச் சிற்றுண்டியில் மறைவாகக் கோதுமையையும் பாலையும் சேர்த்து அளித்தனர். அவர்கள் நடத்தையிலும் உறக்கத்திலும் யாதொரு மாறுதலும் இல்லை. பர்மிங்காமில் குழந்தை பின்னடைந்தது. இங்கு எக்குழந்தையும் பின்னடையவில்லை. இவ்வேறுபாடே விடை.

அவ்வாறாயின், தேறியதெனக் கண்ட பெற்றோர் பொய் கூறினரோ? இல்லை. எக்குழந்தையும் வளருங்கால் சிறிது சிறிதாகத் தேறும். அதன் நிலை அலைபோல உயர்வதும் தாழ்வதும் உண்டு. மிகவும் தாழ்ந்த நாளில்தான் பெற்றோர் புதிய முறையை நாடுகின்றனர். அதன்பின் இயல்பாக வரும் உயர்வு அம்முறையின் வெற்றியெனத் தோன்றும். 1999-இல் செக்ரிட்டின் என்னும் மருந்து ஆட்டிசத்தை நீக்குமென்ற பேச்சு பரவியபோது, 60 குழந்தைகளைக் கொண்டு ஆய்ந்தனர். ஒரு சாரார்க்கு மருந்தையும், மறு சாரார்க்கு உப்புநீரையும் ஊசி வழியே செலுத்தினர். இரு சாராரும் ஒரே அளவில் தேறினர். முடிவை அறிந்த பின்னரும் பெற்றோருள் பெரும்பாலோர் அம்மருந்தில் ஆர்வம் காட்டினர். நம்பிக்கை அத்துணை வலிமை உடையது. அதனைப் பழித்தல் ஆகாது. ஆயினும், அளவுகோலாக அதனைக் கொள்ளுதலும் ஆகாது.

பயன் இல்லையெனினும் கேடு இல்லையே என்று சிலர் கருதலாம். கேடு உண்டு. ஆட்டிசமுள்ள சிறுவரின் எலும்பு வலுக்குறைந்திருப்பதையும், பாலை விலக்கியவரிடம் அக்குறை மிகுந்திருப்பதையும் 2008-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. உணவு மிகக் குறுகிய குழந்தைகள் சிலர்க்கு, வைட்டமின் சி இன்மையால் ஸ்கர்வி நோயே வந்ததுண்டு. ஒன்றை மட்டும் மறத்தல் கூடாது. குளூட்டனால் குடல் புண்படும் சீலியாக்கு நோயும், பால் ஒவ்வாமையும் எக்குழந்தைக்கும் வரலாம். ஆட்டிசமுள்ள குழந்தைக்கும் வரலாம். அவர்கட்கு விலக்குணவு இன்றியமையாதது. அதனை மருத்துவரே ஆய்ந்து கூறவேண்டும். சீலியாக்கு நோய்க்கான குருதி ஆய்வைக் கோதுமையை நிறுத்துமுன் செய்தல் வேண்டும். நிறுத்திய பின் செய்தால் நோய் இருந்தும் தெரியாமற் போகும்.

சேலையூர்க் குடும்பம் குழந்தை நல மருத்துவரை நாடுவதாகக் கொள்ளலாம். அவர் குருதியை ஆய்ந்து, சீலியாக்கு நோயோ ஒவ்வாமையோ இல்லையென அறிகின்றார். தாயின் ஐயத்தை ஏளனம் செய்யாமல், ஒரு வழி கூறுகின்றார். "எட்டு வாரம் நிறுத்திப் பாருங்கள், பின் எட்டு வாரம் மீண்டும் கொடுங்கள். இடையில் வேறெதையும் புதிதாகத் தொடங்காதீர்கள். பள்ளி ஆசிரியையிடம் உணவைப் பற்றி ஒன்றும் சொல்லாதீர்கள், பெயர் சொன்னால் எத்தனை முறை திரும்புகிறான், எத்தனை முறை அழுகிறான் என்று நாள்தோறும் குறித்து வைக்கச் சொல்லுங்கள்" என்கின்றார். சுண்ணாம்புச் சத்துக் குறையாதிருக்கக் கேழ்வரகுக் கூழும், தேவையான சத்து மருந்தும் குறித்துத் தருகின்றார். சிறுவன் பள்ளிக்குக் கொண்டு செல்வது என்றும் இட்டலியே. ஆகவே, வீட்டில் நிகழ்ந்த மாற்றம் ஆசிரியைக்குத் தெரிய வழியில்லை.

மூன்றாம் வாரத்திலேயே மகன் முகம் பார்க்கின்றான் என்று தாய் மகிழ்ந்து எழுதுகின்றாள். பதினாறு வாரம் கழித்து ஆசிரியையின் ஏட்டைத் திறந்து பார்க்கின்றனர். சிறுவன் தேறியிருப்பது உண்மை. ஆயின், அத்தேற்றம் பாலை நிறுத்துமுன்பே, பேச்சுப் பயிற்சி தொடங்கிய மாதத்திலேயே தொடங்கியிருந்தது. தயிர் மீண்டும் வந்த பின்னரும் தடையின்றித் தொடர்ந்தது. தாய் ஏட்டை மூடி வைத்துவிட்டு நெடுநேரம் பேசாதிருக்கின்றாள். ஒரு நம்பிக்கை போயிற்று. அதனோடு, தன் கையால் அளித்த பாலே மகனைக் கெடுத்தது என்ற அச்சமும் போயிற்று.

அதன்பின் அவ்வீட்டில் எழும் வினா வேறு. எதை நீக்குவது என்பதை விட்டு, எதைச் சேர்ப்பது, எவ்வாறு பேச வைப்பது என்று எண்ணத் தொடங்குகின்றனர். புதிய உணவை வற்புறுத்தி ஊட்டாமல், முதலில் தட்டின் ஓரத்தில் வைக்கின்றனர். பிறகு தொடவும், முகரவும், நாவால் சுவைக்கவும் பழக்குகின்றனர். ஓர் உணவு பன்முறை கண்ணிற் பட்ட பின்னரே வாய்க்குச் செல்லும். பேச்சு வாராத குழந்தைக்குப் படங்களைக் காட்டிக் கேட்கக் கற்பிக்கும் முறையும் உண்டு. தயிர்க் கிண்ணம் வரைந்த அட்டையை ஒருநாள் அச்சிறுவன் தானே எடுத்துப் பாட்டியின் கையில் வைக்கின்றான். பாட்டி கண்ணீரோடு தயிர்ச்சோறு பிசைகின்றார்.

இத்தகைய பயிற்சிக்கு உதவுவோர் பலர் உளர். தாம்பரத்திலிருந்து கிழக்கே கடற்கரைச் சாலையை அடைந்தால், முட்டுக்காட்டில் நடுவண் அரசு 2005-இல் நிறுவிய பல்வகைக் குறைபாடுடையோர் ஆற்றல்மேம்பாட்டுத் தேசிய நிறுவனம் உள்ளது. சென்னைக் கோட்டூர்புரத்தில் 1985-இல் தொடங்கப்பெற்ற வித்யாசாகர் என்னும் அமைப்பும் இத்துறையில் நெடுங்காலம் தொண்டாற்றி வருகின்றது. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டமும், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் ஆட்டிசம் உடையோரைப் பெயர் கூறி ஏற்றுள்ளன. ஏனைய குழந்தைகளோடு ஒரே பள்ளியில் பயில்வதற்கும் அவர்கட்கு உரிமை உண்டு.

ஆகவே, ஒரு வகுப்பறையில் எவரோடும் பேசாமல், நாள்தோறும் ஒரே உணவைக் கொண்டுவந்து, ஒரே மூலையில் அமர்ந்து உண்ணும் மாணவன் ஒருவன் இருக்கலாம். அவனைக் கண்டு நகைப்பவர் அறியாதவர். அவன் வீட்டில் ஒரு தாய் எத்தனையோ இரவுகள் விழித்திருந்து, எத்தனையோ பேரின் சொற்களை எடைபோட்டுப் பார்த்து அவ்வுணவைக் கட்டித் தந்திருப்பாள். அவளிடம் சென்று புதியதொரு மருந்தைக் கூறுவது எளிது. அக்கூற்று மெய்தானா என்று முதலில் ஆராய்வது அரிது. அன்புடையார் அவ்வரிய செயலையே செய்தல் வேண்டும். அருகில் சென்று அவனோடு அமர்ந்து உண்ணுதல் அதனினும் எளிது. அது யாவர்க்கும் இயல்வது.